சுழி இல்லாத உருண்டை

சென்னை விமான நிலையத்தில் முதலில் மாட்டியது நான் இல்லை, என் தூக்குவாளி. பைகளைப் படம் பிடிக்கிற பெட்டிக்குள் ஒரு பக்கம் போன வாளி மறுபக்கம் வரவில்லை. காக்கி உடுப்புப் போட்ட ஒரு பெண் அதைத் தனியாக எடுத்து வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே சுற்றியிருந்த என் பழைய பருத்திப் புடவையை முழம் முழமாக அவிழ்த்தாள். பின்னால் நின்ற கோட்டுப் போட்ட மனிதர்கள் எல்லாரும் என் புடவையைப் பார்த்துக்கொண்டு நிற்க, எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது. கடைசியில் தேங்காய் அளவில் ஒரு வெள்ளைப் பீங்கான் உருண்டை வெளியே வந்தது.

"உள்ள என்னம்மா இருக்குது?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தன சுத்து சுத்தி வெச்சிருக்கீங்க?"

புது ஆளிடம் இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அறுபத்தெட்டு வயதாகியும் அது போகவில்லை. அவளே உருண்டையைக் காதருகே வைத்து ஆட்டினாள். சத்தமில்லை. அடியில் இருந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே இருப்பது ஒன்றுமில்லைதான் என்று உறுதியானதும் விட்டுவிட்டாள். புடவையை மறுபடி முழுசாகச் சுற்ற நிற்கவில்லை. பாதியைச் சுற்றி, மீதியை அப்படியே திணித்துக்கொண்டு ஓடிவந்தேன்.

நான் போனது நெதர்லாந்து நாட்டில் டெல்ஃப்ட் என்கிற ஊருக்கு. என் மகன் குமாரும் மருமகள் செல்வியும் அங்கே இருக்கிறார்கள். அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. செல்வி திட்டக்குடிப் பெண், கணக்கில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடாத டாக்டர். பட்டம் கொடுக்கும் முன் பெரியவர்கள் கூடி, எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பார்களாம். அந்த நாளில் காட்டுவதற்கு அவளுக்கு ஒரு பீங்கான் உருண்டை வேண்டும். அதைச் செய்து, உடைக்காமல் கொண்டு வரத்தான் என்னை அழைத்தாள். மாமியாரைப் பார்க்கிற ஆசையும் அதில் சேர்த்தி என்று நானாக வைத்துக்கொண்டேன்.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விருத்தாசலத்துச் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் முப்பது வருசத்துக்கு மேல் பினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் ஒட்டு வரி, பரு, கீறல் எது இருந்தாலும் ஸ்பாஞ்சால் துடைத்து மறைக்க வேண்டும். பிள்ளையாருக்கு வயிற்றில் வெடிப்பு இருந்தால் அது பிள்ளையாருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வாங்குகிறவர்களுக்குத் தெரிந்தால் எனக்கு வேலை போய்விடும்.

செல்வி போனில் சொன்னது இதுதான். உருண்டை செய்து, அது காய்வதற்கு முன்னால் சீப்பை வைத்துத் தலை வாருவதுபோல மேலெல்லாம் கோடு இழுக்க வேண்டும். கோடு எங்கேயும் நின்றுபோகக் கூடாது, எங்கேயும் ஒன்றோடு ஒன்று மோதக் கூடாது.

"முழுசா முடியாது அத்த. எங்க முடியலையோ அத அப்படியே வுட்டுடுங்க. அதத்தான் காட்டணும்."

முடியாது என்று தெரிந்தே ஒருத்தியைச் செய்யச் சொன்னால் அதற்கு எங்கள் ஊரில் பெயர் வேறு. இருந்தாலும் பழைய முதலாளியிடம் கேட்டு, கம்பெனியில் ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன். முதல் உருண்டையில் உச்சியில் ஒரு சுழி விழுந்தது, அடியில் ஒரு சுழி. பிள்ளைகளுக்கு மண்டையில் இருக்குமே, ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு பெண்டாட்டி என்று கேலி செய்வோமே, அதே சுழி. மேலே இருந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி வாரினால் அது நாலு விரல் தள்ளிப் போய் உட்கார்ந்தது. அங்கே துடைத்தால் இன்னொரு பக்கம். அடுப்படி எலி மாதிரி. ஐந்து உருண்டை இப்படியே மண்ணாகப் போனது. ஆறாவதில் இரண்டு சுழியையும் தள்ளித் தள்ளி அடிப்பக்கம் கொண்டுவந்து ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். மற்ற இடமெல்லாம் கல்யாணப் பெண் தலை மாதிரி அத்தனை படிமானம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த அசிங்கம்.

எங்கள் வேலையில், உள்ளே வெறுமையாக இருக்கிற எந்தச் சாமானும் ஓட்டை இல்லாமல் சூளைக்குப் போகாது. போனால் உள்ளே அடைபட்டிருப்பது சூடேறி வெடிக்கும். தான் வெடிப்பது போதாது என்று பக்கத்தில் இருப்பதையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகும். எப்படியும் ஓட்டை போட்டாக வேண்டும். அதைச் சுழியின் மேலேயே போட்டேன். ஒரு ரூபாய்க் காசு அகலம். சுழி போன இடம் தெரியவில்லை.

படித்தவர்கள் முடியாது என்று சொன்னதை முடித்துவிட்டேன். செல்வியிடம் சொல்லவில்லை. நேரில் பார்த்து அசரட்டும் என்று இருந்தேன்.

வளைகுடாவில் விமானம் மாற வேண்டும். அதுவரை பக்கத்து இருக்கையில் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர். அவருக்கு அங்கேதான் வேலை. விருத்தாசலம் என்றதும் என்னைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பெல்ட் மாட்டிவிட்டார், கக்கூஸ் கதவு எப்படி மடங்கும் என்று சொன்னார், எனக்கு வந்த சாப்பாட்டில் எது வெண்ணெய், எது சோப்பு என்று பிரித்துக் காட்டினார். மடியில் இருந்த தூக்கில் ஊறுகாய் என்று அவராக முடிவு கட்டியிருந்தார். மூன்று முறை சுற்றி வளைத்துக் கேட்டார். நான் திறக்கவில்லை. இறங்கும்போது, "போயிட்டு வரேங்கம்மா, மவன் வூட்டுக்கு அத பத்திரமா கொண்டுபோயி குடுங்க" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஊறுகாய் கொண்டு போயிருக்கலாம்.

முதல் நாள். குமார் ரயிலில் அழைத்துப் போனான். அவன் போனில் செல்வியிடம் பேச ஆரம்பித்ததும் எதிரில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் கண்ணாடியில் ஒட்டியிருந்த எழுத்தை விரலால் தட்டிக் காட்டினாள். அந்தப் பெட்டியில் யாரும் பேசக் கூடாதாம். பேசாமல் இருப்பதற்கென்றே அரசாங்கம் ஒரு பெட்டி விட்டிருக்கிறது. வேப்பூர் பஸ்ஸில் பாட்டுச் சத்தத்தில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கக்கூடக் கத்த வேண்டியிருக்கும். என் வாழ்நாளில் எனக்காகவே செய்யப்பட்ட வண்டி அந்தப் பேசாத பெட்டி ஒன்றுதான். வழியெல்லாம் தட்டையான பச்சை, நடு நடுவே வாய்க்கால், வாய்க்காலில் தண்ணீர். எங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கும்.

வீட்டில் செல்வி ரொட்டி கொடுத்தாள். மேலே சாக்லேட் தூள் தூவியிருந்தது. இது பிள்ளைகளுக்கா என்று கேட்டேன். இல்லையாம், மீசை வைத்த ஆம்பிளைகள்கூடக் காலையில் இதைத்தான் தின்கிறார்களாம். சாப்பிட்டு முடித்ததும் தூக்கைத் திறந்து உருண்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் முகம் மாறியது.

"அத்த, சுழி எங்க?"

"இல்ல" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஐயாயிரம் மைல் வந்திருந்தேன். "அடியில பாரு."

அடியில் பார்த்தாள். ஓட்டையில் சுண்டு விரலை விட்டாள். விட்ட விரலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குமார் டீ கொண்டுவந்தான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு டீயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

"நாளன்னிக்கு இத எல்லார்கிட்டயும் காட்டி, இது முடியவே முடியாதுன்னு நான் சொல்லணும் அத்த. நீங்க முடிச்சிக் கொண்டாந்து குடுத்துட்டீங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சிரிக்கப் பார்த்தாள், அது பாதியில் நின்றுபோனது. பிறகு, அவள் படித்தது என்ன, இந்த உருண்டை எதற்கு என்று முதலில் இருந்து சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருசத்தில் அவள் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

அதன் பெயர் பகுதி வகையீட்டுச் சமன்பாடு. அவள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதுகிறேன். சூளையில் சூடு மேல்தட்டில் ஒரு மாதிரி இருக்கும், கீழ்த்தட்டில் ஒரு மாதிரி. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. இப்படி இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறுகிற ஒன்று எப்படியெல்லாம் மாறலாம் என்று கட்டிப் போடுகிற விதிதான் அது. எல்லாரும் அதை எழுத்துகளில் எழுதி வைப்பார்கள். செல்வி படித்தது, எழுத்தைத் தூர வைத்துவிட்டுப் பார்ப்பது. ஒரு பெரிய குடோனை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். எந்த இடம், அங்கே எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வு என்று நினைக்க முடிந்த ஒவ்வொரு சேர்க்கைக்கும் அந்தக் குடோனில் ஒரு புள்ளி உண்டு. விதி ஒத்துக்கொள்கிற புள்ளிகளுக்கு மட்டும் வர்ணம் அடித்தால் உள்ளே ஒரு வடிவம் தெரியும். அந்த வடிவம்தான் சமன்பாடு. எழுத்து என்பது அதை எடுத்த போட்டோ. தீர்வு என்பது, வர்ணத்தை விட்டு வெளியே போகாமல் அதன்மேல் விரிகிற ஒரு பாய்.

வடிவம் என்று ஆகிவிட்டால் கேள்வியும் மாறிவிடும் என்றாள். கைக்குட்டை அளவு இடத்தில் பாயை விரித்துவிடலாம். முழு இடத்துக்கும் விரியுமா? அதை எழுத்து சொல்லாது, இடத்தின் உருவம்தான் சொல்லும். அவள் எடுத்துக்கொண்ட விதி, எந்த இடமும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே இருக்க வேண்டும், தட்டையாக நிற்கக் கூடாது என்கிறது. அப்படியானால் முதல் படி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சாய்வைப் பக்கத்து இடத்தோடு சண்டை வராமல் எடுத்து வைப்பது. அதுதான் சீப்புக் கோடு. மூடிய உருண்டையில் அந்த முதல் படியிலேயே கால் வைக்க முடியாது. எங்காவது சுழி விழுந்தே தீரும்.

"ஓட்ட இருந்தா?" என்றேன்.

"இருந்தா முடியும். சுழிய ஓட்டைக்குள்ள தள்ளிடலாம். நீங்க செஞ்சது சரிதான் அத்த. வேற கேள்விக்குச் சரி."

கேள்வி கேட்கப் போகிற பெரியவர்களில் ஒருவருக்கு இந்த வடிவம், குடோன் எல்லாம் பிடிக்கவில்லையாம். எழுத்தில் எழுதினால் கைக்குட்டை அளவு இடத்திலும் முழு உருண்டையிலும் அதே சமன்பாடுதானே, இந்த அலங்காரம் எதற்கு என்று எழுதி அனுப்பியிருந்தார். பட்டத்துக்குப் பிறகு செல்விக்குக் கிடைக்கவிருந்த இரண்டு வருச வேலையும் அவர் இடத்தில்தான். அவருக்குக் கொடுக்க வைத்திருந்த பதில் அந்த உருண்டை. நான் அந்தப் பதிலில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தேன்.

இரண்டாம் நாள். உருண்டையை விட்டுவிடலாம், படம் வரைந்து காட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு செல்வி படிக்கப் போய்விட்டாள். இந்த ஊரும் செராமிக் ஊர்தானே, வேறொன்று செய்துவிடலாமா என்று குமாரைக் கேட்டேன். சூளை இருக்கிறதாம். ஆனால் உருண்டை காயவே நாலு நாள் ஆகும் என்று எனக்கே தெரியும். அதுவும் அங்கே அடிக்கிற மழையில். வெயிலை மட்டும் தூக்கில் போட்டுக் கொண்டுவர முடியவில்லை.

மனசு சரியில்லை என்று ஊரைச் சுற்றப் போனோம். ரோட்டோரம் சிவப்பாக, அகலமாக, கோலம் போடலாம் போல ஒரு பாதை. அதில் நடந்தேன். அது சைக்கிளுக்கு உரிய பாதையாம். பின்னால் மணி அடித்தது. திரும்பினால் பிள்ளைகள் இரண்டை முன்னால் பெட்டியில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வருகிறாள், அவளுக்குப் பின்னால் என் வயதில் ஒரு கிழவி குடையோடு வருகிறாள். யாரும் பிரேக் பிடிக்கிற ஜாதி இல்லை. நான் வாய்க்கால் பக்கம் தாவினேன். "தனியா எங்கயும் போயிடாதம்மா" என்றான் குமார். இதை நான் அவனுக்கு நாற்பது வருசத்துக்கு முன்னால் சொன்னேன்.

ஒரு தள்ளுவண்டிக் கடையில் பச்சை மீனை வெங்காயத்தில் புரட்டி, வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து வாய்க்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேகவைக்க அடுப்பில்லாத ஊர் இல்லை. அவசரம் போலிருக்கிறது.

அப்புறம் ஒரு பீங்கான் கடை. வெள்ளையில் நீலம் தீட்டிய தட்டுகள், ஜாடிகள், காற்றாலைப் பொம்மைகள். எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். நான் ஒவ்வொரு தட்டாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் நாலோடு நிறுத்திக்கொண்டேன். நாலாவதில் விரல் நின்றது. அடி விளிம்பில் ஊசிமுனைப் பள்ளம் ஒன்றை எதையோ வைத்து அடைத்து, மேலே பூசி, வழித்துவிட்டிருந்தார்கள். நல்ல கை. எந்த ஊரானாலும் பினிஷிங் பினிஷிங்தான். அந்தத் தட்டைப் பார்த்துச் சிரித்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. ஓட்டை போட்டவளுக்கு அடைக்கத் தெரியாதா?

"கோதுமை மாவு வேணும்" என்றேன் குமாரிடம்.

அவர்கள் வீட்டில் மாவு இல்லை. இரண்டு பேரும் ரொட்டி வாங்கியே காலத்தை ஓட்டுகிறார்கள். டிராமில் பக்கத்து நகரத்துக்குப் போனோம். கடையில் வெண்டைக்காயும் சுரைக்காயும் அடுக்கி, நடுவில் பொட்டு வைத்துக்கொண்டு நம் ஊர் முகத்தோடு ஒரு அம்மாள். பார்த்ததும் எனக்கே தெரியாமல் தமிழில் பேசிவிட்டேன். அவள் டச்சில் பதில் சொன்னாள். அவள் முன்னோர்கள் எந்தக் காலத்திலோ வடக்கே இருந்து கப்பலில் சுரினாம் போனவர்களாம். நான் காற்றில் மாவு பிசைந்து காட்டினேன். அவள் காற்றில் சப்பாத்தி தட்டிக் காட்டினாள். நான் தலையாட்டினேன். ஒரு கிலோ கொடுத்தாள். பேசாமலே காரியம் முடிகிற கடைகள்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

திரும்பும்போது நான் மாவோடு டிராமில் ஏறிவிட்டேன், குமார் வெளியே போன் பார்த்துக்கொண்டிருந்தான், கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, இறங்கின இடத்திலேயே நின்றேன். வேப்பூர் ஆட்டுச் சந்தையில் தொலைந்தவர்கள் செய்ய வேண்டியது அதுதான். தேடுகிறவன் ஓடட்டும். அவன் ஓடித்தான் வந்தான்.

மாவைத் தண்ணீர் குறைத்துக் கெட்டியாகப் பிசைந்தேன். ஓட்டையில் வைத்து அடைத்து, விளிம்பை விரல் நுனியால் வழித்து, என் சீப்பை எடுத்தேன். சுற்றியிருந்த பீங்கான் கோடுகளைப் பிடித்து ஒவ்வொன்றாக மாவுக்குள் கொண்டுவந்தேன். எல்லாக் கோடும் உள்ளே வந்து முட்டின. திரும்ப இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று வளைந்தன. நடுவில் பழைய சுழி அப்படியே எழுந்து உட்கார்ந்தது. சூளைக்கு முந்திப் பார்த்த அதே அசிங்கம். என் கை தானாக ஈரத் துணியைத் தேடியது.

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்காதீங்க அத்த."

முப்பது வருசத்தில் ஒரு குறையைத் துடைக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. அதைப் பார்க்காமல் இருக்க வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"நாளைக்கு வரைக்கும் நிக்குமா?" என்று கேட்டாள்.

"லோடு ஏத்துற வரைக்கும் நிக்கும்" என்றேன். கம்பெனியில் நாங்கள் அடைத்ததெல்லாம் அதுவரை நின்றால் போதும்.

மூன்றாம் நாள். பெரிய மண்டபம். உள்ளே வந்தவர்கள் எல்லாரும் கறுப்பு அங்கி, தலையில் வெல்வெட் தொப்பி. கோர்ட்டும் நாடகக் கொட்டகையும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் வெள்ளிப்பூண் போட்ட நீளத் தடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். செல்விக்கு இரண்டு பக்கமும் துணைக்கு இரண்டு பேர், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. ஒரு பக்கம் கூடப் படிக்கிற சீனப் பெண். இன்னொரு பக்கம் குமார், வாடகைக் கோட்டில். கல்யாணத்தில்கூட அவன் இப்படி விறைத்து நிற்கவில்லை. நான் முதல் வரிசையில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு முழுக்க இங்கிலீஷ். பிறகு குமார் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

செல்வி நன்றாகப் பேசினாள். எங்களைப் போன்றவர்களுக்கென்று முதலில் கொஞ்சம் எளிமையாகச் சொன்னாள். உருண்டையை எடுத்து நாலு பக்கமும் காட்டி, வழுவழுவென்று ஓடுகிற கோட்டைக் காட்டி, கடைசியில் சுழியைக் காட்டினாள். தூரத்துக்கு மாவும் பீங்கானும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. இதை வாரியது யார் என்று சொல்லி என்னைக் கையால் காட்டினாள். மண்டபமே திரும்பியது. நான் தூக்கின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்விகள் ஆரம்பித்தன. அந்தப் பெரியவர் கடைசி. தென்னை உயரம், தொப்பி வேறு. எழுத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுதானே என்று மறுபடி ஆரம்பித்தார். செல்வி சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. உருண்டையைக் கொடு என்று கேட்டு வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு சுழியின் அருகே கொண்டுபோனார். சுழி எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறவர்போல அதன் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

டொக் என்றது.

காய்ந்த மாவு உள்ளே விழுந்த சத்தம் அந்த மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் கேட்டது. அவர் உருண்டையை ஆட்டினார். கடகடவென்று ஓடியது. தூக்குவாளிக்குள் ஆள் ஒளிந்துகொள்ள முடியுமானால் நான் அப்போது ஒளிந்திருப்பேன்.

அவர் ஓட்டையையும் செல்வியையும் பார்த்தார். ஒரே சொல் கேட்டார். இப்போது?

செல்வி அவர் முன்னால் போய் உருண்டையை வாங்கிக்கொண்டாள். ஓட்டையை எல்லாருக்கும் திருப்பிக் காட்டினாள். அவள் குரல் அதுவரை இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது. குமார் அதை எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னான்.

"இப்ப முடியும். ஒரு நிமிசம் முன்ன முடியாது. சமன்பாட்டுல ஒரு எழுத்துகூட மாறல. நீங்க வடிவத்த மாத்திட்டீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பெரியவர் கையை உயர்த்தி "ஆனால்" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது, தடிக்காரப் பெண் உள்ளே வந்து தரையில் தடியை ஓங்கிக் குத்தி, நேரம் முடிந்தது என்று ஏதோ பழைய பாஷையில் சொன்னாள். அவ்வளவுதான். அதற்குமேல் யார் எவ்வளவு பெரிய ஆளானாலும் ஒரு சொல் பேசக் கூடாதாம். தென்னைமரத்தார் திறந்த வாயை மூடிக்கொண்டார். எங்கள் ஊர்க் கூட்டங்களுக்கு இப்படி ஒரு தடியும் ஒரு பெண்ணும் வேண்டும்.

உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து பட்டத்தைக் கொடுத்தார்கள். இந்த நாள் வரை வந்துவிட்ட யாரையும் இங்கே பெயிலாக்கியது கிடையாது என்று குமார் அப்போதுதான் சொன்னான். அவனை அந்தக் கோட்டோடு வாய்க்காலில் தள்ளியிருக்கலாம். ஆனால் வேலையைப் பற்றி அவனுக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு விருந்து. விருந்து என்றால் நின்றுகொண்டே ஆளுக்கு நாலு கட்டி சீஸ். சூடாக உருண்டை போண்டா ஒன்று வந்தது. கடித்தேன். உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என்ன கறி என்று கேட்கிற நிலையில் நாக்கு இல்லை. ஓட்டை போடாமல் எதையும் சூடேற்றக் கூடாது.

பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார். செல்வியை நடுவில் நிறுத்தி, ஓட்டை போடாமல் அந்த உருண்டையைச் சுட்டால் என்ன ஆகும் என்று கேட்டார்.

"வெடிக்கும்" என்றேன்.

நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றேன். யாரோ ஒருத்தி மறந்துபோய் ஒரு பொம்மைக்கு ஓட்டை போடவில்லை, சூளையைத் திறந்தால் ஒரு தட்டு தசாவதாரமும் தூள், கூர்மம் ஒன்றுதான் முழுசாக இருந்தது என்று சொன்னேன். புது ஆளிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. செல்வி அதை மொழிபெயர்க்கச் சிரமப்பட்டாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

தங்கள் வேலையில் தப்பு வெடிக்காது, அதுதான் தொந்தரவு, வருசக்கணக்காக முழுசாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும் என்றார். பிறகு செல்வியிடம் ஏதோ சொன்னார். அவள் அதை எனக்குச் சொல்வதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"நான் ஆரம்பிச்ச அந்த 'ஆனா'வ ரெண்டு வருசம் எங்கூட வந்து முடிச்சிக் குடுன்னு கேக்குறாரு அத்த."

மறு வாரம் கிளம்பும்போது உருண்டையை என்னிடமே கொடுத்துவிட்டாள். நம் வீட்டு டிவி மேல் வையுங்கள் என்றாள். உள்ளே விழுந்த மாவு கல்லாகியிருந்தது. கவிழ்த்து ஆட்டினாலும் வெளியே வரவில்லை, அடைக்கும்போதே உள்பக்கம் பிதுங்கி ஓட்டையைவிட ஒரு சுற்றுப் பெரிதாகியிருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அந்த விமான நிலையத்திலும் முதலில் மாட்டியது தூக்குவாளிதான். குமார் வெளியே நின்றுவிட்டான், நான் தனி. வழுக்கைத் தலையோடு ஆஜானுபாகுவான ஒரு அதிகாரி புடவையை அவிழ்த்தார். உருண்டையைக் காதருகே ஆட்டினார். இந்தத் தடவை கடகடவென்றது. அவர் புருவம் ஏறியது. டச்சில் கேட்டார், இங்கிலீஷில் கேட்டார். எந்த ஊரிலும் அவர்கள் கேட்பது ஒன்றுதான். உள்ளே என்ன?

நான் தலையைக் குனிந்து உச்சந்தலையை விரலால் தொட்டு, ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். பிறகு உருண்டையின் ஓட்டையைக் காட்டினேன்.

"சுழிங்க. உள்ள வுழுந்துடுச்சி. கோதுமை மாவுதான், ஒண்ணும் பயப்படாதீங்க. சப்பாத்தி."

சப்பாத்தி மட்டும் அவருக்குப் புரிந்தது. ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். மறுபடி என் தலையைப் பார்த்தார். தன் வழுக்கையை ஒரு முறை தடவிக்கொண்டார். பிறகு உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. கோட்டுப் போட்ட மனிதர்கள் எல்லாரும் என் புடவையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அதை மேசையில் விரித்து, உருண்டையை நடுவில் வைத்து, முழம் முழமாக, முந்தானை வரைக்கும் சுற்றினேன்.